சுவாமி பெயரில் உள்ள நிலம்: பழைய ஏட்டின் சொற்களைப் படித்தறிவோம்

மூன்றடி மண் கேட்டு வந்த வாமனருக்கு மாவலி முதலில் வாக்குக் கொடுத்தான். பிறகு தாரை வார்த்தான். அதன் பின்னரே பெருமான் அளந்தார். நிலக்கொடை என்பது நம் மரபில் இப்படித்தான் நிறைவு பெறுகிறது. மனத்தால் நினைத்தது போதாது. சொல்லாலும் நீராலும் உறுதி செய்து, அடியாலோ கோலாலோ அளந்து, எல்லை காட்டிக் கொடுக்க வேண்டும். உலகளந்த பெருமாளின் திருநாமத்தையே தம் நில அளவைக் கோலுக்குச் சோழர் சூட்டினர். முதலாம் இராசராசன் காலத்தில் நாடு அளக்கப்பட்ட கோல் ‘உலகளந்த கோல்’ எனப்பட்டது. பெண் யானையை எல்லை வழியே நடத்தி, கல் நாட்டி, செப்பேட்டில் எழுதிக் கொடுத்தனர் அக்கால மன்னர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளும் நிலக்கொடையைப் பதிவு செய்தவையே.

செப்பேட்டுக் காலம் முடிந்தபின் காகிதக் காலம் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட இனாம் பதிவேடுகளும் நில அளவைக் கணக்குகளும்தாம் இன்று பெரும்பாலான கிராமக் கோயில்களின் நிலத்துக்கு ஆதாரம். ஆனால் அவற்றைப் படிப்போர் குறைந்துவிட்டனர். பாரசீகம், அரபு, வடமொழி, தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒரே வரியில் கலந்து கிடக்கும் அந்த நடை இளைய தலைமுறைக்குப் புதிராக இருக்கிறது. கிஸ்தி, ஜமாபந்தி, பசலி, அடங்கல் என்ற சொற்களைக் காதால் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை, இவ்விதழை வாசிக்கும் நம் வயதினர்தாம். ஆகவே அச்சொற்களின் பொருளை முறையாக எடுத்துரைப்பது பயனுடைத்து என்று கருதுகிறேன். வங்கிப் பணியில் விவசாயக் கடன்களுக்காகப் பல ஆண்டுகள் மூல ஆவணங்களைப் பார்வையிட்ட பழக்கம் இதற்குத் துணை செய்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய சொல்லைச் சரியாகப் படிப்பதால் காக்கப்படுவது சுவாமியின் நிலம் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக உழுது வரும் ஏழைக் குடியானவரின் நிலமும் ஆகும். ‘சிவன் சொத்து குல நாசம்’ என்பார்கள். அடுத்தவர் சொத்தைச் சிவன் சொத்து என்று சொல்லிப் பறிப்பதும் அதே பாவத்தைச் சேரும்.

எந்த ஊரின் கட்டில் தேடுவது?

அனுமந்தன்பட்டியை எடுத்துக்கொள்வோம். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில், பெரியாற்று நீர் பாயும் வயல்களுக்கு நடுவில் உள்ள ஊர். இன்று இது தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம். தேனி மாவட்டம் பிறந்ததோ 1996-இல்தான். அதற்கு முன் மதுரை மாவட்டம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டுகளில் கம்பம் பள்ளத்தாக்கு ‘மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அதற்கும் முன்னே சென்றால், 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ‘திண்டுக்கல் சீமை’யின் பகுதி இது. அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஹர்டிஸ் என்ற கலெக்டர் இச்சீமையை அளந்து தீர்வை விதித்தார்.

ஆகவே, ‘தேனி மாவட்டம்’ என்று கேட்டு பழைய ஏட்டைத் தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெயரின் எழுத்தையும் கவனிக்க வேண்டும். அனுமந்தன்பட்டி, ஹனுமந்தன்பட்டி, ஹனுமந்தம்பட்டி என்று ஒரே ஊரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள். தமிழ் அகர வரிசையில் ‘அ’விலும் கிரந்த எழுத்தான ‘ஹ’விலும் தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டும். ‘கஸ்பா’ என்றால் தாய்க் கிராமம்; ‘மஜரா’ அல்லது ‘உட்கடை’ என்றால் அதன் கீழ் அடங்கிய சிற்றூர். கோயில் இருப்பது மஜராவில். நிலம் எழுதப்பட்டிருப்பது கஸ்பா கணக்கில். இதை அறியாமல், ‘எங்கள் ஊர்க் கணக்கில் கோயில் நிலமே இல்லை’ என்று திரும்பி வருவோர் உண்டு.

நான்கு அடுக்கு ஏடுகள்

பழைய நிலக் கணக்குகளை நான்கு அடுக்குகளாக நினைவில் கொள்ளலாம்.

முதல் அடுக்கு பைமாஷ். அளத்தல் என்று பொருள்படும் பாரசீகச் சொல். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிராமக் கணக்கர் துணையோடு எழுதப்பட்ட கணக்கு இது. நிலத்துக்கு ஓர் எண் இருக்கும், வரைபடம் இராது. அக்கால ஆவணங்களில் ‘பைமாஷ் நெம்பர்’ என்று வருவது இந்த எண்.

இரண்டாவது, இனாம் பதிவேடு. கோயில்களுக்கும் தனியாருக்கும் முன்னைய அரசர்களும் பாளையக்காரர்களும் வரியின்றி விட்டிருந்த நிலங்களை விசாரிக்க, 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் ஏற்பட்டது. ஒவ்வோர் இனாமும் யாருக்கு, எதற்காக, எப்போது தரப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார் என்று கேட்டு ஒரு பெரிய பதிவேட்டில் எழுதினார்கள். ஒப்புக்கொள்ளப்பட்ட இனாமுக்கு எண்ணிட்ட ‘டைட்டில் டீடு’ என்ற உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். கோயில் நிலத்தைப் பொறுத்தவரை இதுவே வேர். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1919-இலேயே இப்பதிவேட்டுக்கு மிக உயர்ந்த சாட்சிய மதிப்பைத் தந்தது.

மூன்றாவது, முறையான நில அளவையும் செட்டில்மெண்டும். சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் சர்வே எண் கொடுத்து, படம் வரைந்தார்கள். மண்ணின் வகையும் தரமும் பார்த்துத் தீர்வை விதித்தார்கள். இதிலிருந்து வந்தவையே கிராம வரைபடம், புலப்பட நூல், செட்டில்மெண்டு பதிவேடு ஆகியவை.

நான்காவது, நம் காலத்தில் நடந்தது. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. இன்று கணினியில் தெரியும் பட்டாவும் ‘அ’ பதிவேடும் இந்த நான்காம் அடுக்கின் வழிவந்தவை.

மேல் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதே நம்மில் பலர் செய்வது. கோயில் நிலத்தின் உண்மை பெரும்பாலும் இரண்டாம் அடுக்கில் இருக்கும்.

ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு மாதிரி வரியை நானே எழுதிக் காட்டுகிறேன். எண்கள் கற்பனையானவை, நடை உண்மையானது.

‘மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா, இன்ன கிராமம், பைமாஷ் 87, சர்வே 214/2, தேவதாயம் இனாம், டைட்டில் டீடு 1016, புஞ்சை, ஏக்கர் 1-24, தீர்வை ரூ. 1-14-0.’

இதில் 87 என்பது முதல் அடுக்கின் எண். 214/2 என்பது மூன்றாம் அடுக்கின் எண். 214ஆம் புலத்தின் இரண்டாவது உட்பிரிவு. 1016 என்பது இனாம் பத்திரத்தின் எண். ஒரே நிலத்துக்கு மூன்று எண்கள். எந்த எண் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘ஏக்கர் 1-24’ என்றால் ஓர் ஏக்கர் 24 சென்ட். அக்காலத்து நில அளவைச் சங்கிலி 66 அடி நீளம்; அதில் 100 கண்ணிகள். ஒரு சென்ட் என்பது ஆயிரம் சதுரக் கண்ணி. ஓர் ஏக்கர் ஒரு லட்சம் சதுரக் கண்ணி. பழைய புலப்படத்தில் ஒரு பக்கம் 500, மறு பக்கம் 248 என்று எழுதியிருந்தால் அவை அடிகள் அல்ல, கண்ணிகள். பெருக்கினால் 1,24,000, அதாவது 1 ஏக்கர் 24 சென்ட். இன்றைய கணக்கில் சுமார் 50 ஏர், அரை ஹெக்டேர். (ஓர் ஏர் 2.47 சென்ட், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி.) பட்டாவில் 0.50 என்று இருப்பதைப் பார்த்து, ‘ஒன்றேகால் ஏக்கராக இருந்தது அரை ஏக்கராகிவிட்டதே’ என்று பதறுவோர் உண்டு. பதற வேண்டாம், மாறியது அளவின் பெயர்தான்.

‘ரூ. 1-14-0’ என்பது ஒரு ரூபாய் 14 அணா 0 பைசா. 16 அணா ஒரு ரூபாய் என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. பேரப் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

குழி, மா, வேலி, காணி என்ற அளவுகளில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். தஞ்சைப் பகுதியில் ஒரு குழி 144 சதுர அடி; நூறு குழி ஒரு மா; இருபது மா ஒரு வேலி. செங்கற்பட்டுப் பகுதியிலோ ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. சொல் ஒன்று, அளவு நான்கு மடங்கு வேறு. ஆகவே ஆவணத்தில் ‘குழி’ என்று கண்டால், பிற மாவட்ட வாய்ப்பாட்டை வைத்துப் பெருக்கிவிடாமல், அதே நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் எழுதிய ஏட்டோடு ஒப்பிட வேண்டும்.

யாருக்கு, எது, எதற்காக?

இனி, உயிர்நிலையான இடத்துக்கு வருவோம். இனாம் என்ற அரபுச் சொல்லுக்குக் கொடை என்று பொருள். கொடை என்றவுடன் மூன்று கேள்விகள் எழ வேண்டும். யாருக்குக் கொடுத்தார்கள்? எதைக் கொடுத்தார்கள்? எதற்காகக் கொடுத்தார்கள்?

யாருக்கு என்பதை இனாமின் வகைப்பெயர் சொல்லும். ‘தேவதாயம்’ என்றால் தெய்வத்துக்கு, அதாவது கோயிலுக்கு. ‘தர்மாதாயம்’ என்றால் சத்திரம், தண்ணீர்ப்பந்தல் போன்ற அறத்துக்கு. ‘பிரம்மதாயம்’, ‘பட்டவிருத்தி’ என்றால் அந்தணருக்குத் தனிப்பட்ட முறையில். ‘ஊழிய மானியம்’ என்றால் ஒரு பணியைச் செய்வதற்காக. ‘தசபந்தம்’ என்றால் குளம், கால்வாய் முதலியவற்றை வெட்டியோ பழுது பார்த்தோ வருவதற்காக. ஆங்கிலத்தில் எழுதிய பதிவேட்டில் ‘பகோடா’ என்று வந்தால் அது கோயிலைக் குறிக்கும். அக்காலத்து வராகன் நாணயத்துக்கும் பகோடா என்றே பெயர். ‘பகோடாவின் பராமரிப்புக்காக’ என்பது கோயில். ‘பத்துப் பகோடா’ என்பது பணம். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.

எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் பலர் இடறுகின்றனர். பழைய முறையில் விளைச்சல் இரண்டு பங்கு. அரசுக்குச் சேரும் பங்கு மேல்வாரம். உழுபவனுக்குச் சேரும் பங்கு குடிவாரம். அரசன் சில இடங்களில் மேல்வாரத்தை மட்டும் கோயிலுக்கு விட்டான். அப்போது நிலம் குடியானவருடையதே. அவர் அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கோயிலுக்குக் கட்டினார், அவ்வளவே. வேறு சில இடங்களில் இரண்டு வாரமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அது ‘இருவார இனாம்’. அங்கே நிலமே கோயிலுடையது.

இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. விடுதலைக்குப் பின், 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களும் இனாம் முறையை முடிவுக்குக் கொண்டுவந்தன. சிறு இனாம்களுக்கான 1963ஆம் ஆண்டின் 30ஆம் எண் சட்டப்படி, கோயிலுக்காகவோ கோயில் பணிக்காகவோ விடப்பட்ட இருவார இனாம் நிலத்தில், சட்டம் குறிப்பிட்ட சில விலக்குகள் நீங்கலாக, ரயத்துவாரி பட்டா பெறும் உரிமை கோயிலுக்கே. மேல்வாரம் மட்டும் பெற்றிருந்த கோயில்களுக்கு, இழந்த வருவாய்க்கு ஈடாக ‘தஸ்திக்’ என்ற ஆண்டுத் தொகை வந்தது. உங்கள் கோயிலின் வரவேட்டில் ‘தஸ்திக்’ என்ற சொல் இருந்தால், அதன் பின்னால் ஒரு பழைய மேல்வாரம் இருக்கக்கூடும். அந்நிலத்தை உழுபவரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்வதற்கு முன் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது அறம்.

எதற்காக என்பது மூன்றாம் கேள்வி. ‘அர்ச்சகருக்கு’ என்று எழுதியிருந்தால், அது அர்ச்சகரின் சொந்த இனாமா, பூஜை நடத்துவதற்காகக் கோயிலுக்கு விட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு சொற்கள் வழிகாட்டும். இனாம் கமிஷன், தனிப்பட்ட இனாம்கள் பலவற்றை ‘ஜோடி’ என்ற சிறு வரியை விதித்து, அவரவர் சொத்தாக விடுவித்துவிட்டது. ஏட்டில் ‘விடுவிக்கப்பட்டது’ என்று காணப்படும். கோயில் இனாமையோ அப்படி விடுவிக்காமல், பணி நடக்கும்வரை தொடர வேண்டும் என்று ‘உறுதி செய்தது’. விடுவித்தல் வேறு, உறுதி செய்தல் வேறு. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் இவ்விரண்டும் வரும்; வரிதோறும் நின்று படிக்க வேண்டும்.

புறம்போக்கு, தரிசு, அனாதீனம்

‘கோயில் புறம்போக்கு’ என்ற சொல்லைக் கண்டு வருந்துவோர் பலர். புறம்போக்கு என்றால் கேட்பாரற்ற நிலம் என்று பொருள் கொள்ளக் கூடாது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். கோயில், குளம், ஓடை, பாதை, களம், சுடுகாடு ஆகியவை பயிரிட்டு வரி கட்டும் நிலங்கள் அல்ல. ஆகவே கணக்குக்கு வெளியே வைத்தார்கள். கோயில் நிற்கும் இடம் கோயில் புறம்போக்காகவும், அதன் விளைநிலம் தேவதாய இனாமாகவும் தனித்தனி எண்களில் இருப்பது இயல்பு. ‘நத்தம்’ என்பது குடியிருப்புக்கு விட்ட பகுதி.

‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்றால் பயிரிடத் தக்கது என்று தரம் பார்த்து, யாருக்கும் பட்டா தராமல் விட்டது. ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றால் பாறை, கரடு போன்றது. ‘அயன்’ என்றால் இனாம் அல்லாத, அரசுக்கு நேரே வரி கட்டும் ரயத்துவாரி நிலம். பழைய இனாம் நிலம் ஒன்று இன்று அயன் போலத் தோன்றினால், இடையில் எந்த உத்தரவால் மாறியது என்று கேட்க வேண்டும். ‘அனாதீனம்’ என்பது உரியவர் இன்னார் என்று தெரியாத நிலத்துக்குக் கணக்கில் இட்ட பெயர். சுவாமியின் சார்பில் அன்று யாரும் சென்று சொல்லாததாலும் ஒரு நிலம் இத்தலைப்பில் விழுந்திருக்கலாம்.

புஞ்சை நஞ்சையான கதை

கம்பம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பழைய இனாம் ஏட்டில் ‘புஞ்சை’ அல்லது ‘மானாவாரி’ என்று இருக்கும். இன்று அதே இடத்தில் இருபோக நெல் விளையும். ‘எழுதியிருப்பது வேறு நிலம்’ என்று எதிர்த் தரப்பார் வாதிடுவர்.

காரணம் பெரியாறு. 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் வாடகை. பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து நம் பக்கம் வந்தது. அந்தக் குத்தகையே ஆவண மொழிக்கு நல்ல பாடம். நீர் தேங்கும் நிலத்தின் எல்லையைக் கல்லாலோ மரத்தாலோ காட்டவில்லை. அணையிடத்தில் ஆற்றின் ஆழமான இடத்திலிருந்து 155 அடி உயரத்தில் செல்லும் சமமட்டக் கோடு என்று எழுதினார்கள். குத்தகை என்ற சொல்லும் கிரயம் என்ற சொல்லும் வேறு. 999 ஆண்டு என்றாலும் குத்தகை குத்தகைதான். கோயில் நிலத்துக்கும் இதுவே விதி. எத்தனை தலைமுறை குத்தகைக்கு உழுதாலும் குத்தகை கிரயமாகிவிடாது.

நீர் வந்தபின் புஞ்சைகள் பல நஞ்சையாயின. புஞ்சையில் அரசு நீர் பாய்ச்சி நெல் விளைத்தால் கூடுதலாக விதிக்கும் தொகையே ‘தீர்வை ஜாஸ்தி’. ஆகவே 1860களின் ஏட்டில் புஞ்சை என்றும் பிற்கால ஏட்டில் நஞ்சை என்றும் இருப்பது முரண்பாடு அன்று. நிலத்தின் அடையாளத்தைப் பயிரை வைத்து அறியக் கூடாது. எண்ணையும் எல்லையையும் வைத்தே அறிய வேண்டும்.

பத்திரத்தில் வரும் சொற்கள்

எல்லையைப் பத்திரங்களில் ‘செக்குபந்தி’ என்று எழுதுவார்கள். இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு, இன்ன ஓடைக்கு மேற்கு, கோயில் நந்தவனத்துக்கு வடக்கு என்று நான்கு புறமும் சொல்வது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனியார் நிலத்தின் பத்திரத்தில் ‘சுவாமி மானியத்துக்கு வடக்கு’ என்று இருந்தால், அதன் தெற்கே கோயில் நிலம் இருப்பதற்கு அதுவே சாட்சி. கோயிலின் சொந்த ஏடு அழிந்துபோன ஊரில், பக்கத்து நிலத்தாரின் தாய்ப்பத்திரம் சுவாமிக்காகப் பேசும்.

‘நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம்’ என்ற வரிசை அஷ்டபோகம் எனப்படும். இயற்கைப் புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், கல், நிலைத்த பயன், இனி வரக்கூடியது, இப்போது உள்ளது, முயன்று பெறக்கூடியது என எட்டு வகை அனுபவ உரிமைகளையும் சேர்த்துத் தருவதாகப் பொருள். ‘மாவடை மரவடை’ என்றால் மரங்களும் அவற்றின் பயனும். ‘ஒத்தி’ அல்லது ‘போக்கியம்’ என்றால் கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுத்தல். கடனைத் தீர்த்தால் நிலம் திரும்ப வேண்டும். ஒத்தியைக் கிரயமாகப் படித்தல் வங்கியில் நாங்கள் அடிக்கடி கண்டு நிறுத்திய பிழை.

தேதியிலும் கவனம் தேவை. ‘துந்துபி வருஷம்’ என்றால் 1862-63. அது 1922-23-இலும் 1982-83-இலும் மீண்டும் வரும். ஆகவே கூடவே எழுதிய பசலியைப் பார்க்க வேண்டும். பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் பிறக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது பிறக்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. பழைய பங்குக் கணக்குகளில் வரும் மாகாணி என்பது பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று.

பெயர் உதிர்ந்துபோகும் இடம்

கோயில் நிலம் கைமாறிப் போவது எப்போதும் வஞ்சகத்தால் மட்டும் நேர்வதன்று. எழுத்து உதிர்வதாலும் நேரும். முதல் ஏட்டில் ‘இன்ன சுவாமி கோயில், தர்மகர்த்தா இன்னார்’ என்று இருக்கும். அடுத்த ஏட்டில் ‘தர்மகர்த்தா இன்னார்’ என்று மட்டும் இருக்கும். அதற்கடுத்ததில் ‘தர்மகர்த்தா’ என்ற சொல்லும் உதிர்ந்து வெறும் ஆள் பெயர் நிற்கும். அவர் மறைந்தபின் மக்கள் பெயருக்குப் பட்டா மாறும். மக்கள் பொய் சொல்லவில்லை. தகப்பனார் பெயரில் இருந்தது என்றே நம்புவர். நான்கு ஏடுகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் எந்த இடத்தில் சுவாமியின் பெயர் உதிர்ந்தது என்பது தெரியும்.

இந்து தெய்வத் திருமேனி சட்டத்தின் கண்ணில் சொத்துரிமை உள்ள ஒரு நபர் என்பது 1925-இல் பிரிவி கவுன்சில் உரைத்த தீர்ப்பு. அந்த நபர் தாமே அலுவலகம் செல்ல இயலாத மைனர் போன்றவர். பிறர்தாம் அவருக்காகப் பேச வேண்டும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவில் சொல்கிறது. ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ அது செல்லாது என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. பட்டா என்பது வருவாய்க் கணக்கே தவிர, அதுவே முழு உரிமைப் பத்திரம் ஆகாது என்பதையும் இரு தரப்பாரும் நினைவில் கொள்ள வேண்டும்.

பக்தர்கள் செய்யக்கூடியது

முதலில், உங்கள் ஊர்க் கோயிலின் சொத்துப் பதிவேட்டைத் தக்காரிடமோ செயல் அலுவலரிடமோ அன்போடு கேட்டுப் பாருங்கள். அதிலுள்ள எண்களைக் கணினியில் உள்ள ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இனாம் பதிவேட்டின் நகலுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றைப் பழைய பெயரில் எழுதுங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறலாம். அரசு அலுவலகங்களில் உள்ள ஏடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி கேட்கவும் வழியுண்டு. ஐயம் எழுந்தால், குற்றம் சாட்டுமுன் வழக்கறிஞரையும் அறநிலையத் துறையையும் நாடுங்கள்.

இரண்டாவது, ஏட்டில் இல்லாத ஒன்று உங்களிடம் உண்டு. விளக்குப் புஞ்சை, நந்தவனத் தோட்டம், தேர் வயல் என்பன போன்ற நிலப் பெயர்களை நீங்கள் அறிவீர்கள். எந்த வயலின் நெல் எந்தத் திருநாளின் நைவேத்தியத்துக்கு வந்தது என்பது உங்கள் நினைவில் இருக்கும். எண் தெரியாத இளைஞனுக்கு அந்தப் பெயர் வழிகாட்டும்; பெயர் தெரியாத அலுவலருக்கு அந்த எண் வழிகாட்டும். இரண்டையும் ஒரு தாளில் இணைத்து எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, கோயில் கோப்பில் ஒரு படியும் வீட்டில் ஒரு படியும் வையுங்கள். பேரனையோ பேத்தியையோ அழைத்துக்கொண்டு வயலுக்குப் போய், எல்லைக் கல்லைக் காட்டுங்கள். கல் மண்ணில் புதைந்திருந்தால் அது இருந்த இடத்தையாவது காட்டுங்கள்.

நிலத்தைக் கொடுத்தவர் பெயர் மறைந்திருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே: சந்திர சூரியர் உள்ளவரை சந்நிதியில் விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்குக்கு எண்ணெய் வந்த வயல் எது என்று சொல்லத் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது இருக்கும்போதே அதை எழுதி வைப்போம். அதுவும் சுவாமிக்குச் செய்யும் கைங்கரியமே.

(கட்டுரையாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அனுமந்தன்பட்டியில் வசிப்பவர்.)